நெஞ்சுவலியும் ரேஷன் அட்டையும்

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் மாரடைப்பில் இறந்தார். வயது 46. அடுத்த சில நாட்கள் பெங்களூரின் ஜெயதேவா இதய மருத்துவமனைக்குப் பரிசோதனை செய்துகொள்ள இளைஞர்கள் திரண்டு வந்தார்கள். லேசாகத் தோள் வலித்தாலும் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடும் அளவுக்கு ஊரைப் பயம் பிடித்திருந்தது. தர்ஷினி ஓட்டல்களில் நின்றபடி காபி குடிப்பவர்கள் முதல் தொலைக்காட்சி விவாதங்கள் வரை ஒரே பேச்சு: அதிக உடற்பயிற்சி ஆபத்தா, புரோட்டீன் பவுடர் காரணமா, ஐ.டி. வேலையின் மனஅழுத்தமா, நெய்யா, எண்ணெயா?

பேசப்பட்டது எல்லாம் உடம்பைப் பற்றி; அந்த உடம்புக்குரியவரின் வருமானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மாரடைப்பு வந்தவர் பிழைப்பதும் சாவதும் எதைப் பொறுத்தது என்ற கேள்விக்கு இதே பெங்களூரில் செய்யப்பட்ட ஆய்வுகள் பல ஆண்டுகளாகத் தரும் விடையில், கொழுப்புக்குப் பக்கத்திலேயே பணமும் உட்கார்ந்திருக்கிறது.

இதய நோய் பணக்கார நோய் என்பது நம்மூரில் வெகுநாள் நம்பிக்கை. காரில் போகிறவர், வெண்ணெய் தின்கிறவர், நாற்காலியை விட்டு எழாதவர்தான் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்வார். மூட்டை தூக்குகிறவனுக்கு அது வராது. இந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவற்றில் ஒன்று, கோரமங்கலாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வு. டாக்டர் பிரேம் பாய்ஸும் சக ஆய்வாளர்களும் முதல் மாரடைப்போடு வந்த 200 பேரையும், மாரடைப்பு வராத 200 பேரையும் ஒப்பிட்டு 1996-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். முதல் குற்றவாளி புகை. நாளைக்குப் பத்தோ அதற்கு மேலோ சிகரெட் அல்லது பீடி பிடிப்பவருக்கு அபாயம் ஏறக்குறைய ஏழு மடங்கு. பீடியும் சிகரெட்டைப் போலவே கொல்லும் என்பதை அழுத்திச் சொன்ன ஆய்வு அது. அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு முடிவும் அதில் இருந்தது: வருமானம் கூடியவர்களுக்கு மாரடைப்பு அபாயம் குறைவாக இருந்தது. தொண்ணூறுகளின் நடுவிலேயே பெங்களூரில் இந்த நோய் மேல்தட்டை விட்டுக் கீழிறங்கத் தொடங்கியிருந்தது.

அதே செயின்ட் ஜான்ஸிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட அடுத்த பணி இன்னும் பெரியது. கிரியேட் என்று பெயரிடப்பட்ட அந்தப் பதிவேட்டில், 2001 முதல் 2005 வரை நாட்டின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு மாரடைப்போடும் அதையொத்த இதயச் சிக்கல்களோடும் வந்த 20,468 பேரின் விவரங்கள் திரட்டப்பட்டன. டாக்டர் டெனிஸ் சேவியரை முதல் ஆசிரியராகக் கொண்டு 2008-இல் லான்செட்டில் வெளிவந்த முடிவுகளை இந்தியச் சமூகவியல் மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம். நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் கீழ் நடுத்தர வர்க்கம். ஐந்தில் ஒருவர் ஏழை. சராசரி வயது 57.5. ஓய்வுபெறும் வயதைக்கூட எட்டாதவர்கள் பலர்.

முப்பது நாட்களுக்குள் இறந்தவர்களின் கணக்கு இது. ஏழைகளில் 8.2%, வசதியானவர்களில் 5.5%. ஆயிரம் ஆயிரம் பேராக எடுத்தால் ஒரு பக்கம் 82 சாவு, மறுபக்கம் 55.

இந்த இடைவெளிக்குக் காரணம் என்ன? ஏழைகள் நோய் முற்றி வந்திருக்கலாம், அதிகம் புகைத்திருக்கலாம், கவனிக்கப்படாத சர்க்கரை நோய் இருந்திருக்கலாம். இப்படித்தான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆய்வாளர்கள் அவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துச் சமன் செய்து பார்த்தார்கள்; இடைவெளி அப்படியே நின்றது. பிறகு அவற்றை விட்டுவிட்டு, கிடைத்த சிகிச்சையை மட்டும் சமன் செய்தார்கள். இடைவெளி மறைந்துவிட்டது. ஒரே மாதிரி வைத்தியம் கிடைத்திருந்தால் ஏழையும் பணக்காரரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் இறந்திருப்பார்கள். நோயாளியின் பழக்கத்தைவிட அவருக்குக் கிடைத்த வைத்தியம்தான் வேறுபாட்டை உண்டாக்கியது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் புள்ளிவிவரம் பொதுச் சுகாதாரத்தில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

சிகிச்சையில் இருந்த வேறுபாடு எவ்வளவு? ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வசதியானவர்களில் 60.6% பேருக்குக் கிடைத்தது, ஏழைகளில் 52.3%. கொழுப்பு குறைக்கும் மாத்திரை 61.2%, 36%. அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி 15.3%, வெறும் 2%. பைபாஸ் அறுவைச் சிகிச்சை 7.5%, 0.7%. பல லட்சம் கேட்கும் பைபாஸ் ஏழைக்கு எட்டாதது புரிகிறது. ஆனால் மாத்திரையில்கூட இத்தனை வேறுபாடு ஏன்?

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் விடை தெரிந்துவிடும். ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டர், பெரிய அட்டாக், உடனே ஊசி போட வேண்டும் என்கிறார். கூட வந்த மகனோ மைத்துனனோ கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு ஆகும் என்பது. கவுன்டரில் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். போன் மேல் போன் போகிறது. மேஸ்திரிக்கு, சீட்டுப் பிடிக்கும் அக்காவுக்கு, வட்டிக்குக் கொடுப்பவருக்கு. உள்ளே படுக்கையில் கிடப்பவரின் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் முழுப் பலன் தரும். கிரியேட் காலத்தில் அந்த ஊசி பெற்றவர்களில் 96% பேருக்குப் போடப்பட்டது விலை மலிந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ். சொட்டுச் சொட்டாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டிய மருந்து அது. ஒரே அழுத்தில் சில விநாடிகளில் ஏறிவிடும் டெனெக்டிபிளேஸ் அதைவிடப் பல மடங்கு விலை.

அந்த வாசலை வந்தடைவதற்கே எவ்வளவு நேரம்? வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வரும்வரை ஆன நேரத்தின் இடைநிலை 360 நிமிடங்கள் என்கிறது கிரியேட். முழுசாக ஆறு மணி நேரம். மருத்துவமனைக்குள் வந்த பிறகு ஊசி ஏற 50 நிமிடம்தான் ஆகியிருக்கிறது. ஆக, தாமதத்தின் பெரும்பங்கு வெளியில். பெங்களூரின் போக்குவரத்து நெரிசலை எல்லோரும் சபிப்போம். ஆனால் ஆறு மணி நேரத்தைச் சில்க் போர்டு சந்திப்பின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. கேஸ் பிடித்திருக்கிறது என்று ஒரு சோடா. அது கேட்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை. பிறகு தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி. இரவு ஷிப்ட் முடியட்டும், இன்று லீவு போட்டால் கூலி போய்விடும் என்ற கணக்கும் ஓடுகிறது. இதை அறியாமை என்று முத்திரை குத்துவது எளிது. வலி கேஸாக இருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஐயாயிரம் செலவாகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தினக்கூலித் தொழிலாளி தயங்குவது அவர் வரவு செலவுக்குள் நின்று பார்த்தால் முட்டாள்தனம் இல்லை. 108 ஆம்புலன்ஸ்கூடக் கர்நாடகத்துக்கு 2008-இல்தான் வந்தது.

பெங்களூரில் தெரிந்தது உலக அளவிலும் தெரிகிறது. செயின்ட் ஜான்ஸ், சென்னை மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவையும் பங்கேற்ற ப்யூர் என்னும் பன்னாட்டு ஆய்வு, 17 நாடுகளில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் ஒரு முரணை வெளியிட்டது. புகை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் முதலியவற்றைக் கூட்டிக் கணக்கிட்ட அபாய மதிப்பெண் பணக்கார நாடுகளில்தான் அதிகம். ஏழை நாடுகளில் குறைவு. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் வந்தவர்களில் இறந்தவர்கள் பணக்கார நாடுகளில் 6.5%, இந்தியா உள்ளிட்ட ஏழை நாடுகளில் 17.3%. அங்கே அபாயம் அதிகம், சாவு குறைவு. இங்கே தலைகீழ்.

அப்படியானால் எல்லாருக்கும் சிகிச்சையை இலவசமாக்கிவிட்டால் தீர்ந்ததா? இதற்கு லண்டன் ஒரு எச்சரிக்கை தருகிறது. 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் சுமார் 17,500 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்தார்கள். மைக்கேல் மார்மட், ஜெஃப்ரி ரோஸ் குழு 1978-இல் எழுதியபடி, கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்தது உயர் அதிகாரிகளைப் போல மூன்றரை மடங்கு. இவர்களில் பட்டினி கிடந்தவர் இல்லை. எல்லோருக்கும் அரசு மருத்துவம் இலவசம். புகையும் கொழுப்பும் அந்த இடைவெளியில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. வேலையில் தன் நேரத்தின் மீது தனக்கே பிடி இல்லாத நிலை, படிநிலையின் அடியில் இருப்பதே தரும் அழுத்தம் ஆகியவற்றை நோக்கிப் பிற்கால ஆய்வுகள் திரும்பின.

பெங்களூரில் அந்தப் பிடியில்லாத வேலைக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்து, செயலி சொல்லும் திசையில் ஓடி, கிடைத்த இடத்தில் சாப்பிட்டு, தூக்கத்தை டீயாலும் பீடியாலும் தள்ளிப்போடும் ஓட்டுநர் போதும். 2025-இல் ஹாசன் மாவட்டத்தில் சுமார் நாற்பது நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் இறந்ததாகச் செய்தி பரவி, மாநிலமே கலங்கியது. கொரோனா தடுப்பூசி மீது பழி விழுந்தது. ஜெயதேவா இயக்குநர் டாக்டர் கே.எஸ். ரவீந்திரநாத் தலைமையிலான குழு விசாரித்து, மாரடைப்பு திடீரென வழக்கத்தை மீறி அதிகரித்துவிடவில்லை என்று சொன்னது. இறந்தவர்களில் ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்கள் கணிசமானவர்கள் என்பதும் அப்போது வெளியே வந்தது. ஊடகங்களுக்கு முதல் பாதி சுவாரஸ்யமற்றதாக இருந்தது. இரண்டாம் பாதியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இனி கர்நாடகம் பெருமைப்படத்தக்க ஒரு செய்தி.

2010 பிப்ரவரியில் மாநில அரசு வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதற்கான ரேஷன் அட்டை கையில் இருந்தால் போதும். பிரீமியம் இல்லை, விண்ணப்பம் இல்லை. இதயம், புற்றுநோய், சிறுநீரகம், தீக்காயம் போன்றவற்றுக்கான பெரிய சிகிச்சை இலவசம். கிராமங்களில் முகாம் நடத்தி நோயாளிகளைக் கண்டறிந்து நகர மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். மருத்துவமனைக்குள் வழிகாட்ட ஆரோக்கிய மித்ரா என்று ஒருவர். திட்டம் முதலில் வட கர்நாடகத்துக்கு மட்டும் வந்தது, தெற்கு காத்திருந்தது.

இந்த முன்பின்தான் ஆய்வாளர்களுக்கு வாய்ப்பானது. திட்டம் வந்த 300 கிராமங்களையும், எல்லைக்கு அந்தப் பக்கம் திட்டம் இன்னும் எட்டாத 272 கிராமங்களையும் நீரஜ் சூட் குழு ஒப்பிட்டது. மண்ணும் மழையும் மக்களும் ஏறக்குறைய ஒன்று. வேறுபாடு திட்டம் மட்டுமே. திட்டத்தின் கீழ் வரும் நோய்களால் ஏழைக் குடும்பங்களில் நேர்ந்த இறப்பு, திட்டம் இல்லாத ஊர்களில் 0.90%, இருந்த ஊர்களில் 0.32%. அதாவது 64% குறைவு. வறுமைக்கோட்டுக்கு மேலே இருந்து, திட்டத்துக்குத் தகுதியில்லாத குடும்பங்களை இரு பக்கமும் பார்த்தார்கள்: திட்டம் இல்லாத ஊர்களில் 0.55%, இருந்த ஊர்களில் 0.56%. வேறுபாடு இல்லை. மருத்துவமனைச் செலவுக்காகக் கைக்காசு போனதும் கணிசமாகக் குறைந்திருந்தது. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை வெளியிட்டது.

ஒரு காப்பீட்டுத் திட்டம் சாவை இந்த அளவுக்குக் குறைக்குமா என்று சந்தேகப்படுவது நியாயமே. இத்தகைய ஆய்வுகளில் இவ்வளவு பெரிய பலன் அரிது. ஆனால் தகுதியில்லாத குடும்பங்களில் மாற்றமே இல்லை என்ற அந்த ஒரு வரி சந்தேகத்தைப் பெருமளவு அடக்கிவிடுகிறது. குறைவின் அளவைப் பற்றி வாதாடலாம். திசையைப் பற்றி வாதாட அதிகம் இல்லை.

தமிழ்நாட்டிலும் இதற்குத் துணையான ஒரு சோதனை நடந்தது. கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்ற திட்டத்தில், சிறு மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு ஆம்புலன்ஸ் வழியாக இணைத்தார்கள்; ஏழைகளின் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. 2,420 நோயாளிகளிடம் பார்த்தபோது ஓராண்டு இறப்பு 17.6%-இலிருந்து 14.2% ஆக இறங்கியது. கர்நாடகம் 2023-இல் புனீத் பெயரிலேயே அறிவித்த ஹிருதய ஜோதி திட்டமும் இதே வழி: தாலுகா, மாவட்ட மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து ஜெயதேவா போன்ற மையத்துக்கு அனுப்பி, மாரடைப்பு உறுதியானால் விலை உயர்ந்த டெனெக்டிபிளேஸ் ஊசியை அங்கேயே இலவசமாகப் போட்டுவிடுவது. பணம் கட்டும் கவுன்டரை நோயாளிக்கும் ஊசிக்கும் நடுவிலிருந்து அகற்றிவிடும் ஏற்பாடு. 2017-இல் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட் விலைக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு வைத்ததையும் இதே வரிசையில் சேர்க்க வேண்டும்.

ஆனால் இந்த ஏற்பாடுகள் அனைத்தும் மாரடைப்பு வந்த பிறகு வருபவை. அதற்கு முந்தைய பத்து, பதினைந்து ஆண்டுகள் யார் கணக்கில்?

வடகிழக்குப் பெங்களூரில் காடுகொண்டனஹள்ளி என்றொரு வார்டு உண்டு. கே.ஜி. ஹள்ளி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். தமிழும் உருதும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இடம். முக்கால் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் 44,000-க்கு மேற்பட்டோர். பெங்களூரு பொதுச் சுகாதார நிறுவனத்தின் உபேந்திர போஜானி குழு 2009-10-இல் இங்கே வீடுவீடாக 9,299 குடும்பங்களிடம் விசாரித்தது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற தீராத நோய் உள்ள குடும்பங்களில் ஏறத்தாழ 70% பேர் புறநோயாளிச் சிகிச்சைக்குச் சொந்தக் காசைச் செலவழித்தார்கள். 16% குடும்பங்களுக்கு அந்தச் செலவு மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியது. ஒரே மாதத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்களின் எண்ணிக்கையை இந்தச் செலவு இரட்டிப்பாக்கியது. அறுவைச் சிகிச்சையும் ஐ.சி.யு.வும் இதில் இல்லை. டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, அவ்வளவுதான்.

படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும் காப்பீடு இந்தச் செலவைத் தொடுவதே இல்லை. ஆகவே ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சர்க்கரை என்றால் ஒருவர் மாத்திரை ஒத்திப்போடப்படுகிறது; அது பெரும்பாலும் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. மெடிக்கல் ஷாப்பில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து நான்கு மட்டும் வாங்கிப் போகிறவர்களை எந்த மாலையிலும் பார்க்கலாம். இப்படி விட்டுவிட்டுப் போட்ட ரத்தக் கொதிப்பு மாத்திரைதான் ஐம்பது வயதில் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வந்து நிற்கிறது. அப்போது அரசு ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்கத் தயார். மாதம் சில நூறு ரூபாயை முன்பே செலவழித்திருக்கலாம்.

இன்னொரு ஓட்டை ரேஷன் அட்டையிலேயே இருக்கிறது. பெங்களூரின் கட்டடங்களை எழுப்புகிறவர்கள் ராய்ச்சூர், கலபுரகியிலிருந்தும், ஒடிசா, பிஹாரிலிருந்தும், தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்தும் வருகிறார்கள். பலருடைய அட்டை சொந்த ஊரில், அப்பாவின் பெயரில். கர்நாடகத்தின் திட்டம் கர்நாடகத்து அட்டையைக் கேட்கும். ஓசூர் தாண்டி வந்தவரின் நெஞ்சுவலி மட்டும் எல்லையில் நிற்காது. சாதியையும் தாண்டிவிட முடியாது. சங்கீதா வியாஸ் குழு வட, கிழக்கு இந்தியாவின் ஒன்பது மாநிலங்களின் தரவைக் கொண்டு 2022-இல் எழுதியபடி, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேலும், ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேலும் குறைவு. பொருளாதார நிலையைச் சமன் செய்தாலும் இடைவெளியின் பாதிக்கு மேல் மிஞ்சுகிறது.

தீர்வுக்கான சரக்கும் பெங்களூரிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ரத்தக் கொதிப்பு, கொழுப்பு மருந்துகளை ஒரே மாத்திரையில் அடைக்கும் பாலிபில்லைச் சோதித்த முன்னோடி ஆய்வுகளில் ஒன்று செயின்ட் ஜான்ஸ் தலைமையில் 2,053 பேரிடம் நடந்து 2009-இல் வெளியானது. அதன் தொடர்ச்சியான பன்னாட்டு ஆய்வு, பாலிபில்லும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் இதய, ரத்தநாள நிகழ்வுகள் 31% குறைவதாக 2021-இல் காட்டியது. 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருந்தைத் தொடர்ந்து சாப்பிடவைக்க டாக்டர் தேவையில்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் போதும் என்பதையும் 14 மருத்துவமனைகளில் 806 பேரிடம் இதே டெனிஸ் சேவியர் குழு சோதித்துக் காட்டியது.

வார்டுதோறும் வரத் தொடங்கிய அரசின் நம்ம கிளினிக்குகள் இந்த மாத்திரைகளும் இந்தப் பணியாளரும் குடியேறப் பொருத்தமான இடம். தொடங்கியபோது அவற்றின் நேரம் காலை 9 முதல் மாலை 4.30 வரை, கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஊரில் இல்லாத நேரம். மாலை ஆறு முதல் ஒன்பது வரை அவை எல்லா வார்டுகளிலும் திறந்திருக்க வேண்டும். ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். அட்டை எந்த மாநிலத்தது என்று கேட்கக் கூடாது. இதைக் கேட்கும் உரிமை வரி கட்டும் ஒவ்வொரு பெங்களூர்க்காரருக்கும் இருக்கிறது. வீட்டுவேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும், டிரைவர் வைத்திருப்பவர்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சம்பளம் பிடிக்காமல் அரைநாள் விடுப்பு கொடுத்து ரத்த அழுத்தம் பார்த்துவரச் சொல்லுங்கள். நெஞ்சு கனத்து, கை வலித்து, வியர்த்தால் சோடா குடிக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போகும்படி இப்போதே சொல்லி வையுங்கள்.